பதியக்காவின் கையில் பூத்தது

நர்சரியில் எல்லாருக்கும் அவள் பதியக்கா. பதியம் போடுவது அவள் வேலை. அந்தப் பேர் எப்போது வந்து ஒட்டிக்கொண்டது என்று அவளுக்கே ஞாபகம் இல்லை. முதலாளியும் அப்படித்தான் கூப்பிடுவார், செடி ஏற்ற வண்டியோடு வருகிறவர்களும் அப்படித்தான். வீட்டுக்காரர் மட்டும் அக்காவை வெட்டிவிட்டு 'பதியம்' என்பார். கோபத்திலும் பதியம், கொஞ்சலிலும் பதியம். குரலை வைத்துத்தான் எது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

பதியம் ஒன்றும் பெரிய மந்திரமில்லை. தாய்ச்செடியில் திடமான ஒரு கிளையைப் பார்த்து, மோதிரம் மாதிரி சுற்றிலும் பட்டையை உரித்துவிட வேண்டும். உரித்த இடத்தில் ஊறவைத்த பாசியை ஒரு பிடி அப்பி, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, இரண்டு முனையையும் இறுகக் கட்டினால் தீர்ந்தது. தான் அந்தரத்தில் இருப்பதே கிளைக்கு மறந்துபோகும். ஈரம் கிடைத்ததே, மண் வந்துவிட்டது போலிருக்கிறதே என்று வேர் விட ஆரம்பிக்கும். அப்புறம் வெட்டி எடுத்துத் தொட்டியில் வைத்தால் அது தனிச்செடி.

"மரத்தையே ஏமாத்துறவ நீ" என்று சிரிப்பாள் கலவைக்காரி. தொட்டிகளுக்கு மண்ணும் எருவும் கலக்கிறவள் அவள். நர்சரியிலேயே பெரிய வாய் அவளுக்குத்தான்.

"ஏமாத்தலடி, கெஞ்சிக் கேக்குறேன். குடுக்குறது அவன்" என்று மேலே காட்டுவாள் பதியக்கா.

பாசி எங்கோ குளிர்ந்த மலைகளிலிருந்து மூட்டை மூட்டையாகக் காய்ந்து வரும். தண்ணீரில் போட்டதும் தூங்கி எழுந்தது மாதிரி பொம்மென்று உப்பும். பிழிந்தால் சொட்டக் கூடாது, தொட்டால் ஈரம் தெரிய வேண்டும், அதுதான் பக்குவம். அந்தப் பக்குவம் விரலுக்குத்தான் தெரியும் என்று முதலாளி வாங்கிக் கொடுத்த கையுறையை அவள் ஆணியில் மாட்டியே வைத்திருந்தாள். அவள் கட்டிய பதியம் காய்ந்துபோனது அபூர்வம்.

இதை வைத்துத்தான் அவளுடைய நாத்தனார் குத்துவாள். "ஊர்ல உள்ள செடிக்கெல்லாம் வேர் விட வைக்கிறா, வீட்டுல ஒண்ணும் காணோம்." கல்யாணமாகி வகிட்டோரம் நரை எட்டிப் பார்க்கிற வயசு ஆகிவிட்டது, பிள்ளை இல்லை.  பதியக்கா பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள்.

அப்படிப்பட்டவளுக்கு, இனி இல்லை என்று எல்லாரும் விட்டுவிட்ட பிறகு, வயிற்றில் ஒன்று தங்கியது. வீட்டுக்காரருக்கு இஸ்திரிக் கடை. வேலை முடிந்து வருகிற வழியில் கடை வாசலில் நின்று அவள் சொன்னாள்.  அவர் வாயைத் திறந்தபடி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பெட்டி ஒரு வாடிக்கையாளரின் வெள்ளைச் சட்டைக் காலரில் நின்றது. தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் இரண்டு பேருக்கும் சுயநினைவு வந்தது.

அதே சமயத்தில்தான் முள் குத்தியது.

எலுமிச்சைக் கிளையில் பதியம் போட்டுக்கொண்டிருந்தாள். நடுவிரல் கணுவில் முள் இறங்கியது. நர்சரியில் முள் குத்துவதெல்லாம் ஒரு சங்கதியா? உறிஞ்சித் துப்பிவிட்டு, அதே கையால் பாசியை அள்ளி அப்பினாள். மறந்தும் போனாள்.

கொஞ்ச வாரம் கழித்து அந்தக் கணுவில் மிளகு அளவுக்கு ஒரு முண்டு எழுந்தது. வலி இல்லை, அரிப்பும் இல்லை. பிறகு அது உடைந்து, ஓரம் சிவந்து, ஆறாத புண்ணாக உட்கார்ந்துகொண்டது. கலவைக்காரி விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அட, இது பூசணம்டி. ரோஜாத் தண்டுல வருமே, அதே மாதிரி. வேர்ப்பொடியைத் தூவு, சரியாப் போயிடும்."

வேர்ப்பொடி என்பது நாற்று வேர் அழுகாமல் இருக்கத் தூவுகிற சாம்பல் நிறப் பொடி, பூஞ்சாண மருந்து. நர்சரிக்காரர்கள் எல்லாருக்கும் அதன்மேல் ஒரு தனி நம்பிக்கை. செருப்புக்குள் தூவிக்கொள்கிறவர்கள் உண்டு. பதியக்காவும் யோசிக்கவில்லை. செடிக்கும் பூசணம், எனக்கும் பூசணம், இதில் என்ன பேதம்? தினமும் வேலை முடிந்ததும் விரலில் ஒரு சிட்டிகை. முதலில் புண் காய்ந்து பொருக்குத் தட்டியது. "பாத்தியா?" என்றாள் கலவைக்காரி, மருந்தைத் தானே கண்டுபிடித்த மாதிரி.

அப்புறம் மணிக்கட்டில் ஒரு முண்டு வந்தது. அதற்கு மேலே இன்னொன்று, அதற்கும் மேலே முழங்கையை நோக்கி இன்னொன்று. ஒரே கோட்டில், யாரோ நூல் பிடித்து நட்ட மாதிரி. பதியக்கா நீளக் கை ரவிக்கையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள். பயந்தால் பயத்தை மூடி வைப்பதுதான் அவள் சுபாவம்.

நாத்தனார் கண்ணில் எதுவும் தப்பாது. துணி காயப்போடும்போது ரவிக்கைக் கை நழுவியது.

"ஏண்டி, இது என்ன கை முழுக்க மொட்டு விட்டிருக்கு?"

"ஒண்ணுமில்ல அண்ணி, முள்ளு."

"முள்ளு முழங்கை வரைக்கும் நடந்தா போகும்? வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டு எதையும் மறைப்பியா நீ? கிளம்பு." ஈரத்துணியை அப்படியே வாளியில் போட்டுவிட்டு அவளை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். வழியெல்லாம் திட்டு. ஆனால் ரோட்டைக் கடக்கும்போது மட்டும் அவள் இடுப்பைச் சுற்றிக் கைபோட்டுப் பிடித்துக்கொண்டாள்.

தோல் டாக்டரம்மா வயதானவர் இல்லை, சிரிக்கிறவரும் இல்லை. அந்த முண்டுகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டபடி கீழிருந்து மேலே போனார். "என்ன வேலை பாக்குறீங்க?"

சொன்னாள். பாசி என்றதும் டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். "வெறும் கையாலயா?"

"ஆமா டாக்டரம்மா."

"இதுவரைக்கும் என்ன மருந்து போட்டீங்க?"

பதியக்கா வேர்ப்பொடியைச் சொன்னாள். நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டரம்மா பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டார்.

"செடிக்குப் போடுறதா? அது விஷம்மா. பொட்டலத்துல மண்டையோடு படம் போட்டிருக்குமே?"

"அது எலிக்குன்னு நெனச்சோம்" என்றாள் பதியக்கா சின்னக் குரலில். பிறகு இன்னும் சின்னக் குரலில், வயிற்றில் பிள்ளை இருப்பதைச் சொன்னாள்.

 அன்றே ஸ்கேன் எடுத்தார்கள். திரையில் அது முந்திரிப் பருப்பு மாதிரி சுருண்டு கிடந்தது, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. நல்லாத்தான் இருக்கு, பொடி சின்ன இடத்துலதான பட்டிருக்கு, ஆனா இனிமே தொடக் கூடாது என்றார்கள். பதியக்கா அழவில்லை. திரையையே பார்த்தபடி, 'இதுக்காக நான் எதை வேணாலும் விடுறேன், கையைக்கூட' என்று மனசுக்குள் மேலே இருக்கிறவனிடம் சொல்லிவிட்டாள்.

டாக்டரம்மா புண்ணின் ஓரத்தில் மரத்துப்போக ஊசி போட்டு, பயறு அளவுக்குச் சதையைக் கிள்ளி எடுத்தார். நர்சரியிலிருந்து ஒரு பிடி பாசியும் அந்தப் பொடியில் கொஞ்சமும் கொண்டுவரச் சொன்னார். என்ன பூஞ்சை என்று வளர்த்துப் பார்த்தால்தான் தெரியும், வளரக் கொஞ்சநாள் பிடிக்கும் என்றார்.

"அது வளந்து வர்றதுக்குள்ள உள்ள போயிடுச்சுன்னா? புள்ளைக்கு?" என்று கேட்டாள். அது ஒன்றுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

டாக்டரம்மா எடுத்த சதையைச் சின்னச் சீசாவில் போட்டு மூடினார். "என்னன்னு தெரியட்டும்மா. தெரியாம எதுவும் சொல்லமாட்டேன்."

அந்த நாட்களை எப்படித் தள்ளினாள் என்பது அவளுக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும். வேலைக்குப் போகவில்லை. வயிற்றின்மேல் இடதுகையை மட்டும் வைத்துக்கொள்வாள், வலதுகையைத் தள்ளியே வைப்பாள், ஏதோ பக்கத்து வீட்டுக்காரர் கை மாதிரி. நாத்தனார் தன் வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து தங்கினாள். சமையல் அவளுடையது, வசவும் அவளுடையது. "சாப்பிடு. உனக்குக் குடுக்கல, உள்ள இருக்கிறதுக்குக் குடுக்கிறேன்."

ஆஸ்பத்திரிக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி, லேப் இருந்தது. லேப்காரர் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். தட்டுகளில் வளர்கிறதையெல்லாம் 'பசங்க' என்றுதான் சொல்வார். டாக்டரம்மா வரச் சொன்ன அன்று வீட்டுக்காரரும் கடையைச் சாத்திவிட்டுக் கூட வந்தார்.

"முதல்ல இதைப் பாருங்க" என்று லேப்காரர் மூடி ஒட்டிய ஒரு தட்டைக் காட்டினார். அதில் சுருங்கிய தோல் மாதிரி ஒன்று படர்ந்திருந்தது. ஓரம் வெள்ளை, நடுவே கருப்பு. "இது உங்க விரல்ல இருந்தது." பக்கத்தில் இன்னொரு தட்டு, அதிலும் அதேதான். "இது உங்க பாசி மூட்டையில இருந்தது. பொறந்த வீடு அதுதான்."

பிறகு மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். பதியக்கா கண்ணை வைத்தாள். முதலில் தன் இமைதான் தெரிந்தது. லேப்காரர் எதையோ திருகினார். தெளிந்தது.

அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள்.

அங்கே பூ இருந்தது. மயிரைவிட மெலிசான தண்டு, தண்டின் நுனியில் வட்டமாக இதழ் இதழாக மணிகள். ஒன்றில்லை, பார்க்கிற இடமெல்லாம் தண்டும் பூவும். ஆயுசு முழுக்கப் பூவோடு கிடந்தவள் அவள். இத்தனை சின்னதாக, இத்தனை ஒழுங்காக ஒரு பூவை அவள் பார்த்ததில்லை. தண்ணீர் ஊற்ற ஆளில்லை, பறிக்க ஆளில்லை, பார்க்கக்கூட ஆளில்லை. எதற்காக இவ்வளவு அழகாகச் செய்து வைத்தான்?

"இதுவாண்ணே என் கையில இருக்கு?"

"பாசியில இருக்கும்போது இப்படி. உங்க உடம்புக்குள்ள வந்ததும் வேஷத்தை மாத்திடும். நூலும் இல்ல, பூவும் இல்ல. ரொட்டி மாவைப் பொங்க வைக்கிற ஈஸ்ட் மாதிரி குண்டு குண்டா ஆயிடும். சூட்டை வச்சுத்தான் அது எங்க இருக்கோம்னு தெரிஞ்சிக்குது."

"ஒரே ஆள்தானா ரெண்டும்?" என்றார் வீட்டுக்காரர்.

"ஒரே ஆள்தான். கடையில ஒரு மூஞ்சி, வீட்டுல ஒரு மூஞ்சி வச்சிக்கிறதில்லையா நாம?"

"அது சரி" என்று பதியக்கா வீட்டுக்காரரைப் பார்த்தாள். பயத்துக்கு நடுவிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அடுத்த தட்டில் சின்னச் சின்ன வில்லைகளை வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வில்லையிலும் ஒரு மருந்து. பூஞ்சை தட்டு முழுக்கப் படர்ந்து வந்து, சில வில்லைகளைச் சுற்றி எட்டவே நின்றிருந்தது. யாரோ கோடு கிழித்து 'இதைத் தாண்டாதே' என்று சொன்ன மாதிரி வெறும் வட்டம். இன்னொரு வில்லையை அது சட்டையே செய்யவில்லை, ஏறி மிதித்துப் போயிருந்தது. கடைசியாக ஓரத்தில் வேர்ப்பொடி. அதன்மேல் பூஞ்சை மெத்தை விரித்துப் படுத்திருந்தது.

"பாசி மூட்டையிலயும் இந்த மாதிரி பொடி தூவித்தான் அனுப்புவாங்க போலிருக்கு. தெனம் பாத்த மூஞ்சிக்கு யாரு பயப்படுவா?" என்றார் லேப்காரர்.

பதியக்காவுக்குக் காது சூடானது. இத்தனை நாள் அதற்குப் படுக்கை போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

"அப்ப இந்த மாத்திரைக்கு பயப்படுதே, அதையே குடுங்களேன்" என்று வட்டத்தைக் காட்டினார் வீட்டுக்காரர்.

டாக்டரம்மா தலையை ஆட்டினார். "குடுத்தா கேக்கும். ஆனா குழந்தைக்கு ஆகாது, இப்ப குடுக்க முடியாது. இன்னொரு பழைய சொட்டு மருந்து இருக்கு. வேடிக்கை என்னன்னா, தட்டுல அதை ஊத்துனா இந்தப் பூஞ்சை ஒண்ணும் ஆகாது, சும்மா வளரும். மனுசன் குடிச்சா புண்ணு ஆறிடும். ஏன்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் சரியாத் தெரியல."

"யாருக்குமேவா?"

"யாருக்கும். ஆனா அதுவும் குழந்தையோட கழுத்துச் சுரப்பிக்கு ஆகாது."

இவ்வளவு படித்தவர்கள், இவ்வளவு கண்ணாடிகள் வைத்துப் பார்க்கிறவர்கள், தெரியாது என்று அவ்வளவு லேசாகச் சொன்னது பதியக்காவுக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. பொய் சொல்லமாட்டார் என்ற தைரியமும் அதிலேயே வந்தது. "அப்ப என்னதான் வழி டாக்டரம்மா?"

"அதுக்குத்தான் இதைப் பாக்கச் சொன்னேன்." லேப்காரர் மூன்று தட்டுகளை வரிசையாக வைத்தார். ஒன்று குளிர்ந்த இடத்தில் வைத்தது, ஒன்று உடம்புச் சூட்டில், ஒன்று நல்ல காய்ச்சல் சூட்டையும் கொஞ்சம் தாண்டின பெட்டியில். முதல் தட்டில் செழித்துக் கிடந்தது. இரண்டாவதில் வெண்ணெய்த் துளி மாதிரி அங்கங்கே, சோர்ந்துபோய். மூன்றாவதில் ஒன்றுமே இல்லை.

"இதுல வைக்க மறந்துட்டீங்களாண்ணே?"

லேப்காரர் சிரித்தார். "வச்சேன்மா. மூணுலயும் சமமாத்தான் வச்சேன். சூடு தாங்கல. அப்புறம் எடுத்துக் குளிர்ல வச்சும் பாத்தேன், எழுந்திருக்கல."

டாக்டரம்மா நாற்காலியை இழுத்து அவள் எதிரில் போட்டு உட்கார்ந்தார். "உடம்பு முழுக்க ஒரே சூடுன்னு நெனைக்காதீங்க. நடுவுல அடுப்பு எரியுது. கையும் விரலும் காத்தடிக்கிற வாசப்படி. இந்தப் பூஞ்சை வாசப்படியிலயே உக்காந்துக்கிற ஆளு, உள்ள போக அதுக்குப் பிடிக்காது. நல்ல எதிர்ப்புச் சக்தி உள்ளவங்களுக்குப் பெரும்பாலும் தோலோட நின்னுடும். உங்க குழந்தை இருக்கிறது உடம்புலயே சூடான எடம்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். "அது போக விரும்பாத எடத்துலதான் உங்க புள்ளை இருக்கு."

பதியக்கா கையை எடுத்து வயிற்றின்மேல் வைத்தாள். வலது கையை. இத்தனை நாளாகத் தள்ளி வைத்திருந்த அதே கையை. பிள்ளை வேண்டும் என்று அவள் கேட்டுக்கொண்டிருந்த வருஷமெல்லாம், கேட்காமலே அவன் அந்தக் கருவறைக்குள் அடுப்பை மூட்டி வைத்திருக்கிறான். கண்ணீர் அப்போதுதான் வந்தது.

வைத்தியம் இதுதான்: தினமும் புண்களின்மேல் சூடு வைக்க வேண்டும். கை தாங்கும், பூஞ்சை தாங்காது, அந்த அளவுக்கு. விடாமல், மாதக்கணக்கில். சூடு பார்க்க ஒரு தெர்மாமீட்டரும் ரப்பர்ப் பையும் கொடுத்தார்கள்.

ரப்பர்ப் பை ஒத்துவரவில்லை. முதலில் சுட்டது, பிறகு சட்டென்று ஆறியது. இரண்டுநாள் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் சொன்னார், "நாளையிலேர்ந்து கடைக்கு வா. ஊர்ச் சட்டைக்கெல்லாம் சூடு காட்டுறேன், உன் கைக்குக் காட்டமாட்டேனா?"

அன்றிலிருந்து மத்தியானங்களில் பதியக்கா இஸ்திரிக் கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். அவர் ஒரு துண்டை மடித்துத் தேய்ப்பார், தன் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார், தெர்மாமீட்டரை அதற்குள் செருகிப் பார்ப்பார், பிறகு அவள் கையில் சுற்றுவார். ஒரு சட்டை தேய்த்து முடிக்கிற நேரத்தில் துண்டு ஆறிவிடும், அடுத்ததைச் சுற்றுவார். சட்டை, துண்டு, சட்டை, துண்டு.

துணி வாங்க வந்தவர்களுக்கு வேடிக்கை. "என்ன, வீட்டம்மாவையும் இஸ்திரி போடுறீங்களா?"

"ஆமா, சுருக்கம் விழாம வச்சிக்கணுமில்ல?"

"என் சட்டையை மடிப்பு கலையாம குடுங்க, அது போதும்."

நாட்கள் போயின, புண் அப்படியே இருந்தது. பதியக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. வயிறு பெரிதாகிக்கொண்டே வந்தது, பிள்ளை வருவதற்குள் இது போக வேண்டுமே. இந்தக் கையால் எப்படித் தூக்குவாள்? ஒருநாள் அவர் துணி கொடுக்க வெளியே போயிருந்தார். சூடு நல்லதென்றால் இன்னும் கொஞ்சம் சூடு இன்னும் நல்லதுதானே என்று, பெட்டியால் தேய்த்த துண்டை ஆறவிடாமல் அப்படியே மணிக்கட்டில் அழுத்திக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோல் கொப்பளித்துவிட்டது.

நாத்தனாருக்கு அன்று வாய் ஓயவில்லை. "பொடி போட்டா, இப்ப பெட்டியே போடுறா. அடுத்தது என்ன, அடுப்புல கையை விடுவியா?" டாக்டரம்மா அவ்வளவு பேசவில்லை. கொப்புளத்துக்கு மருந்து வைத்துக் கட்டியபடி, "பூஞ்சை சாகுற சூட்டுக்கும் தோல் வேகுற சூட்டுக்கும் நடுவுல ஒரு நூல் இடைவெளிதாம்மா இருக்கு. அந்த நூல்மேலதான் நடக்கணும். அவசரப்பட்டா ரெண்டு பக்கமும் விழுவோம்" என்றார்.

அந்த நூல் அவளுக்குள் போய்த் தைத்துக்கொண்டது. கொஞ்சம் குறைந்தால் அது பிழைக்கும், கொஞ்சம் கூடினால் நான் வேகிறேன். இந்த மெல்லிய இடத்தை நமக்கென்று விட்டு வைத்தது யார்? எத்தனை தடவை இதை அறியாமலே காய்ச்சலில் கிடந்து எழுந்திருக்கிறோம்! அப்போதெல்லாம் உள்ளே யார் யாரை விரட்டிக்கொண்டிருந்தது? கடையில் உட்கார்ந்து அவள் இதையே நினைப்பாள். கை துண்டுக்குள் வேர்க்கும், மனசு நிறைந்து கிடக்கும். அவசரம் விட்டுப்போனது.

கொப்புளம் ஆறிய பிறகு மறுபடி துண்டு. முதலில் முழங்கைக்குக் கீழே இருந்த முண்டு சுருங்கியது. பிறகு அதற்குக் கீழே இருந்தது. ஏறின வழியே இறங்கிப் போகிறது என்றார் வீட்டுக்காரர். விரலில் இருந்ததுதான் முரண்டு பிடித்தது. கணுவில் துண்டு சரியாக நிற்காது, நழுவிவிடும்; உடம்பிலேயே குளிர்ந்த இடம் வேறு. நாத்தனார் பழைய கம்பளித் துணியை வெட்டி விரலுக்கென்று ஓர் உறை தைத்து எடுத்து வந்தாள். அளவு பார்க்கக்கூட இல்லை, கச்சிதமாக இருந்தது.

"எப்ப அண்ணி அளவெடுத்தீங்க?"

"தூங்கும்போது. முழிச்சிருந்தா நீ விட்டிருக்கமாட்ட."

ஒன்பதாம் மாதம் தொடங்கும்போது அந்த விரலும் காய்ந்தது. மடக்கினால் கொஞ்சம் இழுத்தது, அவ்வளவுதான். டாக்டரம்மா அந்த இடத்தை மறுபடி கொஞ்சம் சுரண்டி லேப்புக்கு அனுப்பினார். இந்தத் தடவை குளிர்ந்த பெட்டியில், அதற்குப் பிடித்த இடத்தில், அதற்குப் பிடித்த தீனியோடு வைத்துக் காத்திருந்தார்கள். வளர வேண்டிய நாளெல்லாம் போன பிறகும் தட்டு காலியாகவே இருந்தது. லேப்காரர் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். பதியக்கா அதற்குமுன் எத்தனையோ செழித்த தொட்டிகளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறாள். ஒன்றும் முளைக்காததைப் பார்த்து நெஞ்சு நிறைந்தது அதுதான் முதல் தடவை.

பிள்ளை பெண்பிள்ளை. பிரசவ அறையில் அவள் முதலில் கேட்டது ஆணா பெண்ணா என்று இல்லை. "தோலைப் பாருங்க, தோலைப் பாருங்க" என்றாள். நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. டாக்டரம்மாவே மாடி ஏறி வந்து, விரல் இடுக்கு, காது மடல், தொடை மடிப்பு என்று ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். பிறகு அந்தச் சிரிக்காத முகத்தில் சிரிப்பு வந்தது.

"ஒண்ணுமில்லம்மா. இப்பத்தான் தேய்ச்சு மடிச்ச துணி மாதிரி இருக்கு."

"மடிப்புத்தான் நெறைய இருக்கு" என்றாள் நாத்தனார், பிள்ளையின் தொடையைப் பார்த்து. சொல்லிவிட்டுத் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினாள்.

பிள்ளை தலை நிமிர்த்துகிற பருவத்தில் பதியக்கா கடைசியாகக் கையைக் காட்டப் போனாள். கை சுத்தமாக இருந்தது. ஒரு கோட்டில் வெளுத்த தழும்புகள் மட்டும். லேப்காரருக்கும் பிள்ளையைக் காட்டிவிட்டு வரலாம் என்று பின்பக்கம் போனார்கள். அவர் கண்ணாடியை மாட்டிப் பிள்ளையைப் பார்த்தார், பிறகு ஏதோ ஞாபகம் வந்த மாதிரி குளிர்ப்பெட்டியைத் திறந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயை எடுத்தார். உள்ளே சாய்வாகக் கருப்பாக ஏதோ படிந்திருந்தது.

"உங்க ஆளு" என்றார்.

பதியக்கா ஓரடி பின்னால் போனாள். "இன்னும் உயிரோடவா இருக்கு?"

"தூங்குது. உங்களைக் கேட்டுட்டு வச்சிக்கலாம்னு இருந்தேன். நாளைக்குப் புது மருந்து ஏதாவது வந்தா, இந்த மாதிரி பசங்ககிட்டதான் முதல்ல கேட்டுப் பாக்கணும். உங்களுக்குக் குடுக்க முடியாத மருந்து மாதிரி இல்லாம, வயித்துல புள்ளையோட வர்றவங்களுக்கும் ஆகுற மாதிரி ஒண்ணு கெடைச்சாலும் கெடைக்கும். வேணாம்னா சொல்லுங்க, கொதிக்க வச்சுக் கொட்டிடறேன்."

வீட்டுக்காரர் அவளைப் பார்த்தார். "கொட்டச் சொல்லு பதியம். எவ்வளவு படுத்திச்சு நம்மள."

அவள் குழாயைப் பார்த்தாள். இது அவளைத் தேடி வரவில்லை. செத்த இலையையும் மட்கின மரத்தையும் தின்று மண்ணாக்கிக்கொண்டு, யாரும் பார்க்காத பூவாகப் பூத்துக்கொண்டு எங்கோ மலையில் கிடந்தது. மூட்டையில் ஏறி வந்தது, ஒரு முள் உள்ளே தள்ளிவிட்டது. மண்ணை அது செய்கிறது, மண்ணை வைத்து அவள் பிழைக்கிறாள். அதற்கும் ஒரு சூடு அளந்து வைத்திருக்கிறான், பிள்ளைக்கும் ஒரு சூடு அளந்து வைத்திருக்கிறான்.

"இருக்கட்டும்ண்ணே" என்றாள். "மூடி மட்டும் இறுக்கமா இருக்கா?"

"நீங்களே பாருங்க."

"ஐயோ, வேணாம் வேணாம். நீங்களே பாத்துச் சொல்லுங்க."

லேப்காரர் சிரித்துக்கொண்டே மூடியை இன்னொரு திருகு திருகி, குழாயைக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்துச் சாத்தினார். அந்தச் சத்தத்தில் பிள்ளை திடுக்கிட்டு உதட்டைப் பிதுக்கியது. பதியக்கா அதை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். ரவிக்கையைத் தாண்டி அதன் உடம்புச் சூடு அவளுக்குத் தெரிந்தது.